ஊரை விட்டு ஓடுவாள்

சரக், சரக், சரக். கரித்தூள் மேல் வெறுங்கால் விழும் சத்தம். ஆயுளில் பெரும்பகுதி கடந்துவிட்டது, ஆனாலும் கண்ணை மூடு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கேட்பது அதுதான். பொன்மலை ரயில்வே மைதானத்தில் ஓடுபாதைக்கு மண் போடவில்லை, எஞ்சின்கள் கக்கிய கரிச்சாம்பலைக் கொட்டி உருளையால் அழுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்து வளைவில் சத்தம் பெரிதாகும். வாகை மரங்களுக்கு அந்தப் பக்கம் போனதும் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். நான் பரீட்சைக்குப் படிக்கும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, அது திரும்பி வரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வந்துவிடும். சரக், சரக். என் தங்கை தமயந்தி ஓடி முடித்து வீட்டுக்குள் நுழைந்தால் சிவப்பு சிமெண்டுத் தரையெல்லாம் கறுப்புப் பாதங்கள், அம்மா தேங்காய் நாரைத் தூக்கி அவள் மேல் வீசுவாள், அவள் சிரிப்பாள். "கண்ணைத் தொறக்காதீங்கம்மா, இன்னொரு சொட்டு விடணும்," என்று கண் ஆஸ்பத்திரி நர்ஸ் பெண் என் இமையை இழுத்துப் பிடிக்கிறாள், விரலில் சோப்பு வாசனை. சொட்டு விழுகிறது. முதலில் குளிர்ச்சி, உடனே எரிச்சல், பிறகு தொண்டையில் ஒரு கசப்பு இறங்குகிறது. கண்ணில் விட்டது தொண்டையில் எப்படிக் கசக்கும் என்று யாரிடமாவது கேட்கவேண்டும். கண்மணி விரிய வேண்டுமாம், விரிந்த பிறகு டாக்டர் கண்ணுக்குப் பின்னால் நரம்பைப் பார்ப்பாராம், பார்த்துவிட்டு இன்னும் எத்தனை நாள் படிக்கலாம் என்று சொல்வாராம். அதுவும் ஒரு கணிப்புதான். அதுவரை இந்த பெஞ்சில் குருடிபோல் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிரே டிவி, பார்க்க முடியாது, ஆனால் காதை மூடு என்று யாரும் சொல்லவில்லை. கிரிக்கெட் சீசன் தொடங்கும்போது தாங்கள் அடித்துச் சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று என்று நாலைந்து பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நான் என்ன சொன்னேன்? இந்த டீம் கடைசி இடம்னு சொன்னேன்!" "அவங்க கப்பையே தூக்கிட்டாங்க சார்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "நீங்க ஜெயிக்கும்னு சொன்னாலே அந்த டீம் வீட்ல கவலைப்பட ஆரம்பிச்சிடுறாங்களாம்!" மறுபடியும் சிரிப்பு. எனக்கு இடதுபக்கம் ஒரு ஆண்குரலும் சிரிக்கிறது, உடனே ஒரு பெண்குரல், "ஏங்க, கண்ணைத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல." "நான் டிவி பாக்கலடி, கேக்குறேன்." "கேக்குறதுக்கு எதுக்குக் கண்ணு சிமிட்டுது?" "அது தானா சிமிட்டுது." அறுபது வயது தாண்டிய தம்பதிகளாக இருக்க வேண்டும், குரலில் அந்தச் சண்டையின் பழக்கம் தெரிகிறது. தப்பாகச் சொன்னவர்கள் எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள். சொன்னவனுக்குச் சிரிப்பு.

காலையில் சாருலதா போன் செய்தாள், நீலமேகத்தின் மகள். நீலமேகம் யார் என்று இந்த ஊரில் இப்போது யாருக்குத் தெரியும். 'காவிரிச் சுடர்' என்று ஒரு மாலைப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது, அதில் விளையாட்டுப் பக்கம் முழுக்க அவர் கைவண்ணம், வருஷப் பிறப்புக்கு 'துணிந்து சொல்கிறேன்' என்று ஐந்து கணிப்பு எழுதுவார், வருஷக் கடைசியில் எது பலித்தது எது பலிக்கவில்லை என்று அவரே கணக்குச் சொல்வார். சலூனில் சத்தமாக வாசிப்பார்கள். இன்ன ஹாக்கி டீம் இறுதி ஆட்டத்தில் தோற்கும், இன்ன பயில்வான் கோதாவை விட்டுவிட்டு அரிசிக் கடை வைப்பான், இப்படி. பயில்வான் உண்மையிலேயே அரிசிக் கடை வைத்தான், நீலமேகம் சொன்ன பிறகு அவனிடம் யாரும் மோத வரவில்லை, சும்மா உட்கார்ந்து என்ன செய்வான், கடை வைத்தான். "அப்பாவுக்கு நூறாவது வருஷம் ஆன்ட்டி, புத்தகமாப் போடுறோம். பலிச்சது ஒரு பகுதி, பலிக்காதது ஒரு பகுதி. அந்த வருஷத்து அஞ்சுல நாலு பலிச்சிருக்கு. உங்க தங்கச்சியோடது மட்டும்தான் அப்பா மழுப்பி எழுதியிருக்காரு, எந்தப் பக்கம் போடுறதுன்னு தெரியல. இன்னைக்கு சாயங்காலம் பிரஸ்ஸுக்குக் கொடுத்தாகணும்." நல்ல பெண்தான், குரலில் தேன் தடவியதுபோல் மரியாதை. மத்தியானத்துக்குள் மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னாள். எந்தப் பக்கம். நான் என்ன சொல்ல வேண்டும். பைக்குள் போன் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன், இருக்கிறது, சூடாக, எலிக்குஞ்சுபோல். பலித்தது என்று சொன்னால் ஊர் அன்று பேசியதெல்லாம் அச்சேறிவிடும். பலிக்கவில்லை என்று சொன்னால் அவள் ஓடவே இல்லை என்று ஆகிவிடும். அந்த வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம், நான் விரும்பி மனப்பாடம் செய்த எந்தச் செய்யுளும் இவ்வளவு சுத்தமாக நிற்கவில்லை: 'பொன்மலைப் பெண் தமயந்திக்கு இந்த ஊர் போதாது. துணிந்து சொல்கிறேன், இவள் ஊரை விட்டு ஓடுவாள். விரைவில் நாட்டை விட்டும் ஓடுவாள். குறித்துக்கொள்ளுங்கள்.' குறித்துக்கொண்டார்கள். முதல் பாதியை மட்டும்.

அப்பா ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், சபாபதி என்றால் எல்லோருக்கும் தெரியும், ஓய்வு நேரத்தில் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு சிரிக்கிற மனுஷன். அவரை அன்றைக்கு டீக்குடிக்கிற இடத்தில் ஒருத்தன் கேட்டிருக்கிறான், "என்ன சபாபதி, பேப்பர்லயே போட்டுட்டானாமே, பொண்ணு ஊரை விட்டு ஓடப்போறாளாமே. யாரோட?" அந்த 'யாரோட' என்ற ஒற்றைச் சொல். சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்ததாக அம்மாவிடம் சொன்னார், சொல்லும்போது சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நான் அப்போது சீதையோ சகுந்தலையோ எதையோ படித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண், தமிழ் இலக்கியம், அணியிலக்கணத்தில் வகுப்பிலேயே முதல் மார்க். "அப்பா, இது சிலேடைப்பா. ஊரைத் தாண்டி வெளியில போய் ஓட்டப்பந்தயத்துல ஓடுவான்னு அர்த்தம். ஒரு சொல்லுக்கு ரெண்டு பொருள்." அவர் என்னைப் பார்த்த பார்வை. "சிலேடையாவது வெங்காயமாவது. ஒர்க்ஷாப்ல இருக்குறவனெல்லாம் உன்னை மாதிரி பி.ஏ. படிச்சிருக்கானா? அவனுக்கு ஒரு பொருள்தான் தெரியும்." அது உண்மைதான், அதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை. மறுநாளிலிருந்து தமயந்தி மைதானத்துக்குப் போகக்கூடாது. அதோடு நிற்கவில்லை, அந்தச் சொல்லே வீட்டில் கூடாது என்று ஆகிவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை, தானாக ஆயிற்று. கடிகாரம் ஓடுகிறதா என்று அம்மா கேட்கமாட்டாள், கடிகாரம் நடக்குதா என்பாள். தியேட்டரில் படம் காட்டினார்கள், ஓடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் போனது. பொழுது ஓடவில்லை என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது. எத்தனை விஷயம் ஓடுகிறது இந்த மொழியில், அதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. மூக்கு ஓடும், தையல் மிஷின் ஓடும், வியாபாரம் ஓடும், மனசு எங்கேயோ ஓடும், ஒரு பெண் ஓடினால் மட்டும்... டெய்சி மிஸ் வந்தார், ரயில்வே பள்ளி டிரில் டீச்சர், ஆங்கிலோ இந்தியர், கவுன் போட்டுக்கொண்டு முட்டி தெரிய எங்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தமயந்தி அவர் வாயில் டெமி. "மெட்ராஸ்ல ட்ரையல்ஸ் இருக்கு மிஸ்டர் சபாபதி. டெமி மஸ்ட் ரன்... டெமி ஓடணும்." அப்பா எழுந்து நின்றார், கும்பிட்டார். "அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க மிஸ். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." டெய்சி மிஸ்ஸுக்குப் புரியவில்லை, அவருடைய தமிழிலும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான். தமயந்தி சமையல்கட்டு நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றாள், கால் கட்டைவிரலால் தரையை நீவிக்கொண்டே. தரை சுத்தமாக இருந்தது. அந்த மாதம் முழுக்கத் தரை எவ்வளவு சுத்தமாக இருந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" இடதுபக்கத்துப் பெண்குரல், என்னிடம்தான். வேண்டாம் என்கிறேன். "அழுவுறீங்களோன்னு பாத்தேன்." "மருந்தும்மா, மருந்து வழியுது." "இவருக்கும் அப்படித்தான் வழியுது, இவரு மேட்ச் தோத்ததுக்கு அழுவுறாருன்னு நெனச்சேன்." ஆண்குரல் உர்ரென்று ஏதோ சொல்கிறது. நல்ல மனுஷி. கைக்குட்டையை எங்கே வைத்தேன். இமைக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ட்யூப் லைட்டாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு விளிம்பே இல்லை, இப்படியேதான் ஆகிவிடுமோ, எழுத்தெல்லாம் இப்படி விளிம்பில்லாமல், இன்னும் கொஞ்ச நாளில். பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது. அந்தக் காலத்தில் நீலமேகத்திடம் நேராகவே கேட்டேன். பொது நூலகத்தில் பத்திரிகை மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. இன்னாருடைய அக்கா என்றேன். முகம் மலர்ந்தது, பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்தார். 'ஊரை விட்டு' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு எழுதியிருக்கக்கூடாதா, வெளியூர்களில் ஓடுவாள் என்று எழுதியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார், தலையைச் சாய்த்து அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், எனக்கு அது தெரிந்தது, நானும் அப்படித்தான் சொல்லிப் பார்ப்பவள். பிறகு சொன்னார், "அப்படி எழுதினா அதுல என்னம்மா ரசம் இருக்கு?" கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுத் தூங்கியிருப்பேன். அவருக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணம் பேசினார்கள். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், ஷோலாப்பூர் பக்கம் மில்லில் மேஸ்திரி, முதல் மனைவி இறந்தவன். தேதி குறித்தார்கள், மெட்ராஸில் ஆளெடுக்கிற அந்த டிரையல்ஸ் நடக்கிற வாரத்தில்தான் வந்தது, வேண்டுமென்று வைத்தார்களா தெரியாது. கல்யாணத்துக்குப் பூ வாங்கி வந்து வைத்திருந்த ராத்திரி, விடியுமுன்னே தமயந்தி எழுந்தாள். நான் பக்கத்தில் படுத்திருந்தேன், பாய் சரசரத்தது கேட்டது, தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். அவள் நடந்துதான் போயிருக்கிறாள், அவசரமில்லாமல், ஸ்டேஷன் கைகாட்டி தெரிகிற தூரம்வரை. அதற்குள் மெட்ராஸ் வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வாள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்டவாளத்தோரமாக ஓடினாள், ஏறிவிட்டாள். அது காலை ஷிப்டுக்கு ஆட்கள் சைக்கிளில் போகிற நேரம். அத்தனை பேரும் பார்த்தார்கள். "என்னா ஓட்டம்டா அது," என்று ஒருத்தன் சொன்னதாகப் பிறகு காதில் விழுந்தது, அவன் ஒருத்தன்தான் அதை ஓட்டமாகப் பார்த்தவன் என்று நினைக்கிறேன், அவன் யாரென்று தெரிந்தால் இப்போதும் போய்க் கும்பிடுவேன். மற்றவர்களுக்கு ஓடிவிட்டாள். யாரோட? ஆள் வேண்டுமே. எஞ்சினில் கரி போடுகிற ஃபயர்மேன் கைகொடுத்துத் தூக்கினான் என்றார்கள், முன்னாலேயே பழக்கமாம் என்றார்கள். டெய்சி மிஸ் வீட்டுச் சமையல்காரன் என்றார்கள். நீலமேகமேதான் என்றுகூட ஒரு கிழவி சொன்னாள். அப்பா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், குழாயடியில், எல்லோரும் பார்க்க, ஒரு வாளி, இரண்டு வாளி, சட்டையோடு. அந்த வருஷக் கடைசியில் நீலமேகம் கணக்குச் சொன்னார். ஹாக்கி பலித்தது, பயில்வான் பலித்தது. 'பொன்மலைப் பெண்ணைப் பற்றிச் சொன்னதும், ஒரு விதத்தில், பலித்தது.' ஒரு விதத்தில். சலூனில் அதை வாசித்தபோது கத்தரிக்கோலே சிரித்ததாகச் சொன்னார்கள். அப்பா அதற்குப் பிறகு தாளம் போடவில்லை, டீக்குடிக்கிற இடத்துக்கும் போகவில்லை, வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுபோனார், சாகும்வரை.

அவர் போன பிறகுதான் நான் பெரம்பூருக்குத் தேடிப் போனேன், விலாசம் டெய்சி மிஸ்ஸின் தங்கையிடம் கிடைத்தது. ஒரு பின்கட்டு, ஈரச் சாக்கு, சாம்பார் கொதிக்கிற வாசனை. தமயந்தி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், பருத்திருந்தாள், என்னைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி போட்டுட்டியாக்கா? நல்லாவே இல்ல," என்றாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. நான் சிரித்தேனா அழுதேனா. அன்று சாயங்காலம் வரை எதையெதையோ பேசினோம், அரிசி விலை, அம்மாவின் முட்டி, கிளம்புகிற நேரத்தில்தான் கேட்டேன், "அன்னிக்கு டிரையல்ஸுக்குப் போயி ஓடுனியாடி?" வீட்டில் அத்தனை வருஷம் யாரும் சொல்லாத சொல், என் வாய்க்கே அது கரகரப்பாக இருந்தது. முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள், "ஓடுனேன்க்கா. எண்ணூறு மீட்டர். மொதல்ல வந்தேன்." "அப்புறம்?" "அப்புறம் பேரு கேட்டாங்க, சொன்னேன். எந்த ஊருன்னாங்க, சொன்னேன். யாரோட வந்திருக்கேன்னு கேட்டாங்க." கல்லொன்றைத் தூக்கி வெளியே எறிந்தாள். "யாரோடயும் இல்லன்னேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வீட்டுப் பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வான்னுட்டாங்க. நான் எங்கேருந்து கூட்டிட்டு வர?" டெய்சி மிஸ் பேசிப் பார்த்தாராம், சொந்தம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்களாம். இரண்டாவதாக வந்த பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் ஓடுவாக்கா. மூச்சுதான் பத்தாது," என்றாள். யாரோட. ஒர்க்ஷாப்பில் கேட்டவனும் அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவனும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். அதில் சிலேடைகூட இல்லை.

டிவியில் இன்னும் முடியவில்லை, அடுத்த வருஷம் என்ன நடக்கும் என்று இப்போதே தொடங்கிவிட்டார்கள், துணிச்சலாக ஒன்று சொல்லுங்கள் சார், சொல்லுங்கள். பை துடிக்கிறது. தடவி எடுக்கிறேன், எந்த இடத்தில் தொடுவது என்று தெரியவில்லை, பக்கத்துப் பெண் கையைப் பிடித்து விரலை வைத்துவிடுகிறாள். "ஆன்ட்டி, சாருலதா. பிரஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. எந்தப் பக்கம் போடட்டும்?" அவள் பெயரையே எடுத்துவிடு என்று சொல்லத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, தரை சுத்தமாகிவிடும். அதை நினைத்ததும் அந்தச் சத்தம், வாகை மரங்களுக்கு அந்தப் பக்கம், தேய்ந்து போய்க்கொண்டிருக்கிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "பலிச்சதுன்னு போடும்மா," என்கிறேன். "ஆனா வெறுமனே போடாதே. தனியா ஓடினாள்னு போடு. மெட்ராஸ் டிரையல்ஸ்ல எண்ணூறு மீட்டர் ஓடினாள், மொதல்ல வந்தாள்னு போடு." "மொதல்ல வந்தாங்களா? ஐயோ ஆன்ட்டி, இது எனக்குத் தெரியவே தெரியாதே! அப்ப அப்பாவுக்கு அஞ்சுக்கு அஞ்சு!" அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம், யாரிடமோ திரும்பி, அஞ்சுக்கு அஞ்சுங்க என்று கத்துகிறாள். கண்ணில் விட்ட மருந்தின் கசப்பு மறுபடி தொண்டைக்கு வருகிறது. அவருக்கு நானே மார்க் போட்டுக் கொடுத்துவிட்டேன். "சபாபதி மகள் அமிர்தவல்லி யாரும்மா? உள்ள வாங்க," என்று நர்ஸ் பெண் கூப்பிடுகிறாள். எழுந்திருக்கிறேன், பக்கத்துப் பெண் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள், வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் பொங்கி வருகிறது, கதவு எது சுவர் எது தெரியவில்லை. "ஆன்ட்டி, லைன்ல இருக்கீங்களா? அப்புறம் என்ன ஆனாங்க அவங்க? அதையும் ஒரு வரி சேத்துடலாம்."

பெரம்பூரில், வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதியில் சமையல்காரியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன ஐப்பசியில் இறந்துபோனாள்.